குழலில் மிஞ்சிய தோட்டா

துலேரியில் ஒடீலியா போர்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவளுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவர்கள். மீதிப் பேர் அவள் கடைக்குள் நுழைந்தால் அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொள்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திங்கட்கிழமை நகர்ந்துகொண்டவர்களும் உண்டு.

அவள் சிறுமியாக இருந்தபோதே அவளுடைய அப்பா போர்ச்சுகலின் டெர்சீரா தீவை விட்டுக் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டார். அந்தத் தீவிலிருந்து துலேரி இருக்கும் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் மாடுதான் பிழைப்பு. ஒடீலியா பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாலாடைக்கட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பண்ணையில் பால் கறக்கும் எர்மீனியோவைக் கட்டிக்கொண்டாள். ரெனாடோ பிறந்தான். அவனுக்குப் பிறகு வயிற்றில் தங்கிய எதுவும் நிலைக்கவில்லை. ஒற்றைப் பிள்ளை என்பதால் ஞானத்தகப்பனையாவது நல்லவனாகப் பார்க்க வேண்டும் என்று, பக்கத்துப் பண்ணை கில்பெர்ட்டோ ஆவிலாவைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். கில்பெர்ட்டோவின் மகன் டினீஸும் ரெனாடோவும் ஒரே வயது. இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த வேலியில் அந்தப் பிள்ளைகள் புகுந்து புகுந்து கம்பி வளைந்தே போயிருந்தது.

பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கன்றுகளுக்குத் தீனி போட்டுவிட்டு இருவரும் கில்பெர்ட்டோவின் வீட்டுக்குள் போனார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், தொப்பிகளுக்குப் பின்னால், கில்பெர்ட்டோ ஒரு பிஸ்டல் வைத்திருந்தான். பண்ணைகளில் இரவில் டிராக்டர் பேட்டரி திருட்டுப் போகிற காலம் அது. டினீஸுக்கு அதைப் பிடிக்கத் தெரியும். அப்பனே சொல்லிக்கொடுத்திருந்தான்: கையில் எடுத்தால் முதல் வேலையாகக் கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப்பெட்டியை உருவி எடுத்துவிட வேண்டும். பிள்ளை சொன்னபடியே செய்தான். பெட்டியை உருவிக் கட்டில்மேல் போட்டான். பெட்டி போனால் துப்பாக்கி காலி என்றுதான் அவன் நினைத்தான். அதற்கு முன்பே ஒரு தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே நண்பனைப் பார்த்து நீட்டி விசையை இழுத்தான்.

ஒடீலியா ஆலையில் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு தயிர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். மேற்பார்வையாளர் வந்து கையைப் பிடித்ததும், எர்மீனியோவை மாடு உதைத்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பையனைத் துணியால் மூடியிருந்தார்கள். நடைபாதையில் டினீஸ் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையில் இருந்த இரத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"காலி, அத்தை. காலிதான் அத்தை. நான் பெட்டியை எடுத்துட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் ஏதாவது ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

அடக்கத் திருப்பலியிலும் அப்படித்தான். கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்ற ஆவிலாக் குடும்பத்திடம் நடந்து போய், டினீஸின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கோயிலே விம்மியது. சாமியார் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். எர்மீனியோ மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான்.

"அவனைத் தொட்ட கையால எனக்குச் சோறு போடாதே," என்றான் அன்று வீட்டில்.

"அவன் கொழந்தை, எர்மீனியோ."

"நம்மளதும் கொழந்தைதான்."

யார் மேலாவது பழியைப் போடாமல் மனுஷனால் இருக்க முடியாது. எர்மீனியோ ஆவிலாக்கள் மேல் போட்டான். ஒடீலியாவுக்குப் போட ஆள் இல்லாமல் இருந்தது. பிறகு ஒரு நாள் ரெனாடோவின் செருப்பையும் இடுப்புப் பட்டையையும் திருப்பிக் கொடுக்க ஷெரீஃப் அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்; ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"சில பிஸ்டல்ல ஒரு சின்னப் பாகம் இருக்கும்மா. பெட்டியை எடுத்துட்டா விசையை எவ்வளவு இழுத்தாலும் சுடாது. இதுல அது இல்ல."

"ஏன் இல்ல?"

"வைக்கணும்னு யாரும் சொல்லலையே."

ஆற்றில் முழுகுகிறவள் கையில் கயிறு சிக்கியது போல ஆயிற்று. அன்றிலிருந்து ஒடீலியா அந்த வார்த்தையை விடவில்லை.

ஃப்ரெஸ்னோவில் அராக்ஸி கஸ்பாரியன் என்று ஒரு வக்கீலம்மா. அவளிடம் போனபோது, துப்பாக்கி செய்த கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்றாள். ஆனால் முதலிலேயே எச்சரித்தாள்.

"கரடிப் பொம்மையோட கண்ணு பிஞ்சு கொழந்தை வாயில போனா, அந்தப் பொம்மையை மாத்துன்னு சொல்ல வாஷிங்டன்ல ஒரு ஆபீஸ் இருக்கு. நெசத் துப்பாக்கியைத் தொடக்கூடாதுன்னு அந்த ஆபீஸுக்குச் சட்டத்துலயே கையைக் கட்டிப் போட்டிருக்காங்க. அதனால மாநிலத் தலைநகரம் சாக்ரமென்டோவைத்தான் பிடிக்கணும். மாநிலம் நெனைச்சா, எங்க ஊர்ல விக்கிற பிஸ்டல்ல இன்னின்னது இருக்கணும்னு சொல்லலாம். சொல்லலாம்னு நாங்க நம்புறோம்."

"சொல்லக்கூடாதுன்னு யாரு சொல்லுவா?"

"வாஷிங்டன்தான். வேற யாரு?"

மாநில சட்டசபைக் குழு விசாரணைக்கு ஒடீலியா போனபோது டினீஸுக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவனையும் கூட்டிப் போனாள். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, புதிதாக வரும் பிஸ்டல் எல்லாவற்றிலும் இரண்டு வேண்டும் என்று கேட்டாள்: பெட்டியை எடுத்தால் சுடக்கூடாது, குழலில் தோட்டா இருந்தால் வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவனைக் கைகாட்டினாள்.

"இந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததைத்தான் செஞ்சான். இவன் எம்மகனைக் கொல்லல. அந்தத் துப்பாக்கிதான் கொன்னுச்சு."

சபையில் இருந்த முகம் எல்லாம் டினீஸ் பக்கம் திரும்பியது. அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியில் தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலை முழுக்க மூடுபனி. அவன் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சட்டம் நிறைவேறியது. ஆலையில் கேக் வெட்டினார்கள். ஆனால் அது இனிமேல் வரும் புது மாதிரிகளுக்கு மட்டும்தான். விற்கலாம் என்று மாநிலம் வைத்திருந்த பட்டியலில் ஏற்கெனவே ஏறிவிட்ட பழைய மாதிரிகள் அப்படியே கடையில் இருக்கும். ரெனாடோவைக் கொன்ற மாதிரியும் அதில் ஒன்று. போலீஸ்காரர்கள் வாங்கும் துப்பாக்கிக்கு எந்த நிபந்தனையும் இல்லை.

அடுத்து, கம்பெனி மேல் போட்டிருந்த வழக்கும் தோற்றுப் போயிற்று. துப்பாக்கியை ஒருவர் தவறாகக் கையாண்டு உயிர் போனால் செய்த கம்பெனியை இழுக்கக்கூடாது என்று வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. விசையை இழுத்தது ஒரு மனிதக் கை. டினீஸை விசாரித்த சிறுவர் நீதிமன்றம் அன்றே அதைக் குற்றம் என்று எழுதிவிட்டது. ஆகவே கம்பெனி பொறுப்பல்ல என்று தள்ளிவிட்டார்கள். கஸ்பாரியன் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டும்போது எர்மீனியோ அடுப்பங்கரையில் நின்றிருந்தான்.

"பாத்தியா, குற்றம்னு எழுதியிருக்கான்," என்றான். "இந்த நாட்டுல இத்தனை வருஷத்துல அதை ஒருத்தன் எழுதியிருக்கான். நீ எனக்கு அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இடம் குடுக்கல."

அந்த வசந்தத்தில் அவன் டெர்சீராவுக்கே திரும்பிப் போய்விட்டான். அங்கே அண்ணன் வீட்டில் நாலு மாடு வைத்துக்கொண்டு இருந்தான். விவாகரத்து என்று எதுவும் நடக்கவில்லை. பெருநாட்களில் பேசிக்கொள்வார்கள்.

ஒடீலியா நின்றுவிடவில்லை. ஆலை வேலைக்கு நடுவில் லீவு எடுத்துக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். ஊர் இரண்டுபட்டது. ஆலையில் கூட வேலை பார்த்த டார்லீன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் ஒடீலியா, ஒஞ்சட்டத்துக்கப்புறம் ஒரு கம்பெனிக்காரனும் இங்க புது மாதிரி எதுவும் கொண்டாரதில்லயாம். எங்கக்கா தனியா இருக்கா, கையில வேற மூட்டுவலி. பக்கத்து மாநிலம் நெவாடாவுல லேசா ஒண்ணு விக்கிறான், இங்க கெடையாது. அவ வீட்டுக்குள்ள எவனாவது பூந்தா நீ வந்து நிப்பியா?"

"நிக்க மாட்டேன். எம்மகன் செத்தப்ப நீ வந்து நின்ன. அதை மறக்கல."

"அதைச் சொல்லி வாயடைக்காதே."

"வேற எதைச் சொல்லுவேன் டார்லீன்? எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

இதற்குள் டினீஸ் ஆளாகி, கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய், ஒருத்தியைக் கட்டி, அவளும் பெண்குழந்தையோடு பிரிந்து போய்விட்டாள். ஒடீலியா ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி சுட்டால் அவனுக்கு ஒன்று தனியாக எடுத்து வைப்பாள். அவன் வந்து வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவான். விசேலியா பக்கம் இருந்த சுடுதளத்தில் ஞாயிறுதோறும் துப்பாக்கி கையாளச் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

பல வருஷம் கழித்து வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் துப்பாக்கி உரிமையைப் பற்றிப் புதிதாக ஒரு தீர்ப்புச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது. இந்தப் பாகம் வேண்டும், அந்தப் பாகம் வேண்டும் என்று சொல்லி நாட்டு அரசியல் சாசனம் கொடுத்த உரிமையைக் கலிபோர்னியா பிடுங்குகிறது என்பது அவர்கள் வாதம். மாநிலத்தின் எல்லைக்குள்தான் நீதிமன்றம். ஆனால் அது வாஷிங்டனுடைய நீதிமன்றம். மலையைத் தாண்டித் தெற்கே போக வேண்டும். கிழவியாகிவிட்ட கஸ்பாரியன், ஒடீலியாவைத் தன் காரில் அழைத்துப் போனாள்.

சங்கத்தின் வக்கீல் தன் சாட்சியைக் கூப்பிட்டபோது ஒடீலியா பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள். டினீஸ் ஆவிலா நடுப்பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தான். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. அவளைக் கடக்கும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன வேலை செய்யறீங்க?"

"மோட்டார் ரிப்பேர். ஞாயித்துக்கிழமை துப்பாக்கிப் பாடம் எடுக்கிறேன்."

"முதல் பாடத்துல என்ன சொல்வீங்க?"

"என் பேரைச் சொல்லிட்டு, பதிமூணு வயசுல என் சிநேகிதனை நான் சுட்டுக் கொன்னுட்டேன்னு சொல்வேன்."

ஒடீலியாவின் கையைக் கஸ்பாரியன் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பாகங்கள் பத்தி உங்க அபிப்பிராயம்?"

"உள்ள தோட்டா இருக்கான்னு காட்டுற தகட்டைப் பாத்துக் காலின்னு நம்பாதீங்க, பெட்டி வெளிய இருக்குன்னு நம்பாதீங்கன்னுதான் நான் சொல்லிக்குடுக்கிறேன். குழலைத் தொறந்து, கண்ணால பாத்து, விரலை விட்டுப் பாக்கணும். பாகம் இருக்குன்னு தெரிஞ்சா ஜனங்க அதைச் செய்ய மாட்டாங்க. ஒரு பாகத்தை நம்பித்தான் நானும் சுட்டேன். பெட்டியை."

மாநிலத்தின் வக்கீல் எழுந்தார். இளைஞர். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்கு அந்தத் துப்பாக்கியில, பெட்டியை எடுத்தா சுடாத பாகம் இருந்திருந்தா, ரெனாடோ போர்பா உயிரோட இருந்திருப்பாரா?"

டினீஸ் தன் முழங்காலைப் பார்த்தான். நீதிபதி, பதில் சொல்லுங்கள் என்றார்.

"இருந்திருப்பான்."

"பிறகு இந்தச் சட்டத்தை எதிர்த்து ஏன் வந்தீங்க?"

"இருந்திருப்பான், சார். எனக்கு அது தெரியும். தெனமும் தெரியும். அதனால அவனை நான் சுடலைன்னு ஆயிடாது. அப்படித்தான் என்னைக் கொண்டுபோய் ஒரு சபையில உக்கார வெச்சு, நீ சுடல, துப்பாக்கி சுட்டதுன்னாங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட யாரும் அதைப் பத்திப் பேசவே இல்ல."

இடைவேளை விட்டார்கள். ஒடீலியா எழுந்து போனாள். கஸ்பாரியன் தடுக்கக் கை நீட்டியது அவளுக்குத் தெரியவில்லை. நடைபாதைக் குடிநீர்க் குழாயருகே அவன் நின்றிருந்தான்.

"வெக்கமா இல்லையாடா ஒனக்கு?"

"அத்தை..."

"யாரு ஒனக்கு அத்தை? எம்மடியில போட்டு வளத்தேன்டா ஒன்னை. எம்புருஷன் என்னை விட்டுட்டுப் போனான், ஒன்னால. ஊரு முழுக்க ஒன்னைக் கல்லால அடிக்காம நான் குறுக்க நின்னேன். நீ அவனுங்க பக்கத்துல போய் உக்காந்திருக்க."

"நீங்க குறுக்க நின்னதுலதான் எனக்கு வழி இல்லாமப் போச்சு," என்றான் டினீஸ். கோபம் இல்லாமல்தான் சொன்னான். "மன்னிப்புக் கேக்கணும்னு பதினாலு வயசுல உங்க வாசல்ல வந்து நின்னேன். 'நீ என்ன தப்புப் பண்ணினே, மன்னிப்புக் கேக்க'ன்னு ரொட்டியைக் கையில குடுத்து அனுப்பிட்டீங்க. கேக்கவே விடல நீங்க."

அவளுக்குள் எங்கேயோ அடைத்திருந்தது உடைந்தது. தன் வாயிலிருந்து அந்தக் குரல் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"எம்பிள்ளையைக் கொன்னியேடா! நீதான்டா கொன்ன! சிரிச்சுக்கிட்டே கொன்னியேடா!"

காவலர் ஒருவர் இவர்களை நோக்கி வந்தார்.

"ஆமா," என்றான் டினீஸ். "ஆமா, நான்தான்."

அவன் சுவரோடு ஒட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்க அழுதான். இந்தத் தடவை அவள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. காவலர் அவளைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார்.

நீதிபதி மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அந்த நிபந்தனைகளை அமல்படுத்தக்கூடாது என்றார். மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது. மேல் நீதிமன்றம், அந்த இரண்டு பாகங்களைப் பொறுத்தவரை தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பிறகு அது, வேறொரு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தது. சட்டம் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

ஊரில் ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் ஒடீலியா, "தோத்துப்போச்சா ஜெயிச்சுப்போச்சான்னு எனக்கே தெரியல, விடுங்க," என்றாள். டினீஸைப் பற்றிக் கேட்டவர்களிடம் பேச்சை மாற்றினாள். அவனும் ஈஸ்டருக்கு வரவில்லை. அவளும் ரொட்டி எடுத்து வைக்கவில்லை. ஆவிலாக்கள் வரும் பூசைக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, விடியற்காலைப் பூசைக்குப் போனாள். அன்பினால் அவனை மன்னித்தோம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். அது பயம்தான் என்று இப்போது தெரிந்தது. பிள்ளையைச் சாகடித்தவனை வெறுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் ஒரு இரும்புத் துண்டின் மேல் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தாள். இறக்கி வைத்தது தப்பா என்று கேட்டால், அந்தப் பாகம் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான். அதை அவனே சத்தியம் செய்து சொல்லிவிட்டான். இரண்டும் உண்மையாக இருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு தூங்க முடியவில்லை.

அடுத்த குழு விசாரணைக்குச் சாக்ரமென்டோவிலிருந்து கூப்பிட்டபோது போனாள். கேட்டது பழையதையேதான். ஆனால், "டினீஸ் ஆவிலா என்கிறவன் எம்மகனைச் சுட்டான், அந்தப் பாகம் இருந்திருந்தா அவனால சுட்டிருக்க முடியாது," என்று ஆரம்பித்தாள். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள்.

வந்து இறங்கியதும் டெர்சீராவுக்குத் தொலைபேசி போட்டாள். பெருநாள் ஒன்றும் இல்லாததால் எர்மீனியோ பயந்துபோய் எடுத்தான்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. நான் அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"யாருகிட்ட? எதை?"

"நீதான் கொன்னன்னு."

மறுமுனையில் மாடு ஒன்று எங்கேயோ கத்தியது.

"என்ன சொன்னான்?"

"ஆமான்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒக்காந்து அழுதான்."

எர்மீனியோ ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். இத்தனை வருஷம் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அது கையில் வந்ததும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்.

"கறக்க நேரமாச்சு," என்றான் கடைசியில். "நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடு," என்றுவிட்டு வைத்தான்.